ஐந்நூறு ரூபாய் உயர்வும் மருந்துச் சீட்டும்

சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூடினால் தொழிலாளிக்கு லாபமா, நஷ்டமா? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் லாபம் என்றுதான் சொல்லும். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைத் தோழரைக் கேட்டுப் பாருங்கள். யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நீ உள்ளே. அதற்கு மேல் போனால் வெளியே. 2017 ஜனவரி முதல் தேதி போட்ட கோடு அது.

கணக்குப் போடுவோம். தோழர் ஒருவர் 20,800 ரூபாய் வாங்குகிறார். நூற்றுக்கு முக்கால் ரூபாய் வீதம் 156 ரூபாய் அவரிடம் சந்தா பிடிக்கிறார்கள். முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் வீதம் 676 ரூபாய் கட்டுகிறார். மே மாதம் 500 ரூபாய் உயர்வு வருகிறது. சம்பளம் 21,300. கோடு தாண்டியாயிற்று! செப்டம்பர் 30 வரை பழையபடி பிடிப்பார்கள். அக்டோபரிலிருந்து சந்தா இல்லை. அந்தச் சந்தாவுக்குரிய பலன் காலம் அடுத்த ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது. அத்தோடு கார்டும் செல்லாது.

முதலாளி கூட்டிக் கொடுத்தது 500. அவருக்கு மிச்சமானது 676. உயர்வு கொடுத்த புண்ணியமும் கிடைத்தது, 176 ரூபாய் லாபமும் கிடைத்தது! (பி.எப். வகையறாவை நாம் இங்கே சேர்க்கவில்லை.) தொழிலாளியின் கைக்குக் கூடுதலாக வந்தது 656. அவருடைய சர்க்கரை மாத்திரை, மனைவியின் தைராய்டு மாத்திரை, அவரை நம்பியிருக்கும் தாயின் இரத்த அழுத்த மாத்திரை மூன்றையும் இனி அந்தப் பணத்தில் கடையில் வாங்க வேண்டும். இதில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால் 656 எந்த மூலைக்கு?

1944-ல் பேராசிரியர் அடார்க்கர் தந்த அறிக்கையிலிருந்து முளைத்தது இத்திட்டம். 1948-ல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். 1955-ல் கோவைக்கு வந்தது. அன்றைய வரம்பு 400 ரூபாய். விலைவாசி நாள்தோறும் ஏறும். வரம்போ சர்க்காருக்கு நினைவு வரும்போது ஏறும். 2025 நவம்பரில் பழைய சட்டத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் கரைத்தார்கள். சட்டத்தின் பெயர் மாறியது, கோடு மாறவில்லை.

இது கார்டு வாங்கியவர் கதை. வாங்காதவர் கதை என்ன? நாகல்நகரில் நாலு பேர் உட்கார்ந்து அரம் தேய்க்கும் பூட்டுப் பட்டறைக்கு இந்தச் சட்டம் தானாக வராது. பத்துப் பேர் வேண்டும். முதலாளி விரும்பினால் சேரலாமாம். விரும்புவாரா? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பூட்டுக்குப் பாதுகாப்பு வந்தது, பூட்டுச் செய்கிறவனுக்கு வரவில்லை.

சர்க்கார் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, குறை சொல்லவில்லை. 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சர் காப்பீடாகி, 2018-ல் மத்தியத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். ஆனால் அது கட்டிலில் படுத்தவனுக்கான பணம். மாரடைப்பு வந்து படுத்தால் லட்சம் தரும். மாரடைப்பு வராமல் தடுக்கும் அன்றாட மாத்திரைக்குத் தராது. மத்தியத் திட்டம், வீடு திரும்பியபின் பதினைந்து நாள் மருந்துக்குப் பொறுப்பேற்கிறது. டாக்டரோ ஆயுள் முழுதும் சாப்பிடச் சொல்கிறார். பதினாறாம் நாள் யாரைக் கேட்பது?

கார்டு கேட்காத ஜன்னல் ஒன்று நம் நாட்டில் உண்டு: அரசு ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னல். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்தை மொத்தமாக வாங்கி ஊரூராக அனுப்பினார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நம்மைக் கேட்டால் எல்லாக் காப்பீட்டையும்விட இதுவே மேல். பகல் ஷிப்டுக்காரன் ஒருநாள் கூலியை விட்டு வரிசையில் நிற்காதபடி, மாலையிலும் அந்த ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

ஒருமுறை ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவரைச் சம்பளம் கூடியதற்காக வெளியே தள்ளாதே என்பது சர்க்காரிடம் நம் கோரிக்கை. தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த சம்பள ஒப்பந்தம் பேச உட்காரும்போது, எத்தனை பேர் கோட்டைத் தாண்டப் போகிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். தலைக்கு 676 ரூபாய் வீதம் முதலாளிக்கு மிச்சமாகும் தொகையைப் பெருக்கி, அந்தத் தாளை மேஜைமேல் வையுங்கள்.