மலையடிவாரப் பன்றியும் மூன்று கிலோமீட்டர் கணக்கும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பிராங்ஹார்ன் மானைச் சுட விரும்பும் வெளிமாநிலத்தவர் பெரும்பாலும் குலுக்கலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இடமும் நாளும் அதில் குறித்திருக்கும். அந்தக் கட்டணத்தில்தான் அங்கே வனவிலங்குப் பராமரிப்பு பெரிதும் நடக்கிறது. இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதன் 1991 திருத்தத்தோடு, பொழுதுபோக்கு வேட்டைக்குக் கதவை அடைத்தது. சரியான முடிவுதான். ஆனால் குற்றாலத்தை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நெல் பால்பிடிக்கும் நேரம் வயலில் இறங்கும் காட்டுப்பன்றி, தின்பதைவிடக் கிளறிப் புரட்டி அழிப்பதே அதிகம். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு கணக்கு வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம்.

மலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு இதனால் என்ன பயன் என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. சேதம் மிகுதியாக நடப்பது அந்த முதல் கிலோமீட்டரில்தானே. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே சுட உத்தரவிடலாம். அதை இங்கும் கொண்டுவரலாமே என்பார்கள். ஆனால் காட்டோரத்தில் பன்றி சிறுத்தைக்கு இரை. இருட்டில் தவறும் குண்டு மிளாவையும் மனிதரையும் பார்க்காது. அதற்காக விவசாயியைக் கைவிட்டால் தீனிக்குள் வெடி மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும்தான் பெருகும். அவுட்டுக்காயைக் கடித்த யானை தாடை சிதைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் வதைபட்டுச் சாகிறது. ஆகவே அந்த ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள நிலங்களுக்கு அரசு தன் செலவிலேயே சூரிய மின்வேலி போட்டு, இழப்பீட்டை அடுத்த விதைப்புக்கு முன் கையில் தர வேண்டும்.