ஒகேனக்கலுக்கு 1,900 ரூபாய், கேமராவுக்கு 72,000 ரூபாய்

போன மாசம் என் சித்தப்பா பையன் ஓசூர்ல இருந்து போன் பண்ணினான். வயசு 25. கையில வர்ற சம்பளம் 34,000. "அண்ணா, வர்ற சனிக்கிழமை நாங்க மூணு பேர் தருமபுரி வரோம், ஒகேனக்கல் போலாம். அதுக்குள்ள ஒரு கேமரா எடுத்துடலாம்னு இருக்கேன். 72,000 தான். நோ காஸ்ட் இ.எம்.ஐ, மாசம் 6,000, பன்னிரண்டு மாசம். நீங்க ஓகேன்னா இன்னைக்கே ஆர்டர் போட்டுடுவேன்."

நான் ஓகே சொல்லலை. வேண்டாம்னும் சொல்லலை. "இந்த ஒரு தடவை பெங்களூர்ல வாடகைக்கு எடுத்துட்டு வா, மீதியை ஊர்ல பேசிக்கலாம்"னு மட்டும் சொன்னேன். நேரா வேண்டாம்னு சொல்ற தகுதி எனக்கு இல்லை. இதே வயசுல இதே வேலையைச் செஞ்சவன் நான்.

2014. சி.ஏ முடிச்சு சென்னையில முதல் வேலை. சம்பளம் 42,000. ரெண்டாவது மாசமே லென்ஸோட சேர்த்து 68,000 ரூபாய்க்கு ஒரு கேமரா வாங்கினேன், 18 மாச இ.எம்.ஐ. வட்டி மட்டும் 6,500 ஆச்சு. முதல் வருஷம் ஆறு ட்ரிப், ரெண்டாவது வருஷம் மூணு. அப்புறம் பீரோவுக்குள்ள போயிடுச்சு. சென்னை ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சு, கடைசியில 19,000-க்குத்தான் போச்சு. கணக்குப் போடுங்க: 74,500-ல 19,000 போனா 55,500. ஒன்பது ட்ரிப்பால வகுத்தா, ஒரு ட்ரிப்புக்கு 6,150 ரூபாய்க்கு மேல. ரூம் வாடகையை விட கேமரா வாடகை அதிகம்! அப்போ வாடகைக் கடையில ஒரு நாளைக்கு 800 ரூபாய்தான். மத்தவங்க கணக்கைப் பார்க்கிற வேலையில இருக்கேன், என் கணக்கை நான் பார்க்கலை.

இதுவரைக்கும் சொன்னது வெறும் நஷ்டம். அடுத்தது வேற மாதிரி. இ.எம்.ஐ போக மீதி பத்தாம ட்ரிப் செலவையெல்லாம் கிரெடிட் கார்டுல போட்டேன், மினிமம் டியூ மட்டும் கட்டிக்கிட்டு வந்தேன். மினிமம் டியூ கட்டினா லேட் ஃபீ வராது, அவ்வளவுதான். மீதிப் பணத்துக்கு மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும். புதுசா தேய்க்கிற 200 ரூபாய் காபிக்கும் வட்டியில்லா நாள் கிடைக்காது, முதல் நாள்ல இருந்தே வட்டி. கார்டுல 38,000 நின்ன நேரத்துல அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் 60,000 கேட்டாங்க. என் கார்டு லிமிட்டே 75,000. அம்மாவோட வளையல் அடகுக் கடைக்குப் போச்சு. அப்பா நல்லா ஆயிட்டார். வளையல் திரும்பி வர பதினோரு மாசம் ஆச்சு. அந்த நேரம் கேமரா பையோட சென்னையில கட்டிலுக்கு அடியில இருந்துச்சு.

சரி, ஒகேனக்கலுக்கு வருவோம்.

சனிக்கிழமை காலையில பசங்க பஸ்ல தருமபுரி வந்து இறங்கினாங்க. என் கார்லயே கிளம்பினோம். பென்னாகரம் தாண்டி காட்டுக்குள்ள இறங்கற அந்த ரோடு இருக்கே, ஜன்னல் கண்ணாடியை இறக்கிட்டே போகலாம் (குரங்கு வராத இடமா பார்த்து). மொத்தம் 46 கிலோமீட்டர் சொச்சம். கன்னடத்துல 'ஹொகே'ன்னா புகை. பாறையில தண்ணி விழுந்து புகை மாதிரி கிளம்பறதாலதான் அந்தப் பேர். போட்டோ எடுக்கப் போறவங்களுக்கு அந்தப் புகைதான் அழகு, அதுவேதான் தொல்லை. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை லென்ஸ் மேல திவலை படியும். நல்ல துணி ரெண்டு எடுத்துட்டுப் போங்க. சட்டையால துடைச்சா கீறல்தான் மிச்சம்.

போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. பிலிகுண்டுலுவுல நீர்வரத்து எத்தனை கனஅடின்னு அன்னைக்குச் செய்தியில பாருங்க. காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற இடத்துல மத்திய நீர் ஆணையம் தண்ணியை அளக்கிறது அங்கதான். கர்நாடகாவுல மழை பெஞ்சு கே.ஆர்.எஸ், கபினி அணைகள் திறந்தா ஒகேனக்கல்ல வரத்து ஏறும். கலெக்டர் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுவார். வரத்து லட்சம் கனஅடியைத் தொட்டா அருவிகளே முங்கிப் போயிடும், எங்க பார்த்தாலும் ஒரே செம்மண் தண்ணி. டி.வி-யில அதைப் பார்த்துட்டு 'ஆஹா'ன்னு கிளம்பி வர்றவங்க போலீஸ் தடுப்புக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பறாங்க. ரூமுக்குக் கட்டின பணமும் திரும்பாது. அதனால கேன்சல் பண்ணினா பணம் தர்ற ரூமா பார்த்து போடுங்க, 200 ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை.

நாங்க போன அன்னைக்கு வரத்து அளவாத்தான் இருந்துச்சு. லைஃப் ஜாக்கெட் மாட்டி பரிசல்ல உட்கார்ந்தோம். பரிசல் ஓட்டினவருக்கு ஐம்பது வயசு இருக்கும். ரெண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவுல பரிசலைச் சுத்தி விட்டார், பசங்க கத்தினாங்க. சுத்தி முடிச்சதும் நான் பேச்சுக் கொடுத்தேன். தண்ணி ஏறினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "ஆத்துல தண்ணி ஏறினா எங்களுக்கு லீவுங்க. சம்பளம் இல்லாத லீவு"ன்னார். போன வருஷம் வாரக் கணக்குல ஓட்டலையாம். அதனால சீசன்ல வர்ற காசுல பாதியை வீட்டுக்காரம்மாகிட்ட கொடுத்துடுவாராம், அதை அவர்கூட கேட்க முடியாதாம். எமர்ஜென்சி ஃபண்டுக்கு நான் எத்தனையோ வீடியோ போட்டிருக்கேன், இவ்வளவு சுருக்கமா சொன்னதில்லை. மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வர்ற என் தம்பிகிட்ட மொத்த சேமிப்பே 21,000 தான்.

மத்தியானம் மீன் வாங்கிக் கொடுத்து சமைக்கச் சொல்லி சாப்பிட்டோம். பசங்கள்ல ஒருத்தன் எண்ணெய் மசாஜ் பண்ணிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் எண்ணெய் மினுங்கத்தான் திரிஞ்சான். மொத்தச் செலவு பெட்ரோல், பரிசல், சாப்பாடு, மசாஜ், பசங்களோட பஸ் எல்லாம் சேர்த்து 7,600. ஆளுக்கு 1,900. ராத்திரி தங்கல் எங்க வீட்டுல. கேமராவுக்கு ரெண்டு நாள் வாடகை 2,800, அது தம்பியோட தனிக் கணக்கு.

உண்மையைச் சொல்லணும்னா, கேமராவுல எடுத்த படங்கள் என் போன்ல எடுத்ததை விட ரொம்ப நல்லா இருந்துச்சு. பாறை மேல ஸ்டாண்டை வெச்சு, ஷட்டரை மெதுவாக்கி அருவியை எடுத்திருந்தான். தண்ணி பால் மாதிரி, பக்கத்துல மீன் கழுவற ஒரு பாட்டி கை மட்டும் தெளிவா. அவனுக்குக் கண் இருக்கு. அதனால 'போனே போதும்டா'ன்னு அவன்கிட்ட என்னால சொல்ல முடியலை.

ராத்திரி மொட்டை மாடியில உட்கார்ந்தோம்.

"அண்ணா, காஸ்ட்டே இல்லாத இ.எம்.ஐ-ல என்ன நஷ்டம்?"

நோ காஸ்ட் இ.எம்.ஐ எப்படி வேலை செய்யுதுன்னு நீங்களும் பார்த்துக்கோங்க. வட்டியே இல்லாத கடன்னு எதுவும் கிடையாது. கார்டு இ.எம்.ஐ-ல 'ஜீரோ பர்சென்ட்'னு வட்டியை மறைக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ என்ன பண்றாங்கன்னா, வட்டிக்குச் சமமான தொகையை விலையில தள்ளுபடியா காட்டி, அதே தொகையை வங்கி வட்டியா வசூல் பண்ணும். வருஷத்துக்கு 16 சதவீத வட்டின்னு வைங்க. 72,000 ரூபாய் கேமராவுல சுமார் 5,870 தள்ளுபடி, மீதி 66,130-தான் வங்கி தர்ற கடன். மாசம் 6,000 கட்டும்போது அந்த 5,870 வட்டியா திரும்பிப் போயிடும். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி, கிட்டத்தட்ட 1,057 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் ஃபீ 199-ன்னா ஜி.எஸ்.டி-யோட 235. ஆக 1,290 ரூபாய் காஸ்ட். இது பெரிய தொகை இல்லை, ஒத்துக்கறேன். ஆனா அவன் பார்த்த அதே கடையில, மொத்தமா பணம் கட்டினா 4,000 குறைச்சுத் தர்றதா சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க. அதையும் சேர்த்தா 5,290.

இதை விடப் பெரிய விஷயம் அவனோட மாசக் கணக்கு. வீட்டுக்கு 8,000, ரூம் 6,500, பைக் இ.எம்.ஐ 3,900, எஸ்.ஐ.பி 2,000. மீதி 13,600. அதுல 6,000 போனா சாப்பாடு, பெட்ரோல், போன், ட்ரிப் எல்லாத்துக்கும் 7,600. அங்கதான் கிரெடிட் கார்டு உள்ளே வரும். எனக்கு வந்த வழியும் அதுதான்.

அப்புறம் வாங்கறதா வாடகையாங்கற கணக்கு. இதை உங்க நம்பரைப் போட்டு நீங்களே பண்ணுங்க. 72,000-க்கு வாங்கி மூணு வருஷம் கழிச்சு 32,000-க்கு விக்கலாம்னு எடுத்துக்குவோம், பூஞ்சை பிடிக்காம வெச்சிருந்தா. நிஜமான செலவு 40,000. ரெண்டு நாள் வாடகை 2,800. வகுத்தா பதினாலே கால். அதாவது மூணு வருஷத்துல பதினைஞ்சு ட்ரிப் போனா வாங்கறது லாபம், அதுக்குக் கீழன்னா வாடகை. தம்பி போன வருஷம் போனது நாலு. மூணு வருஷத்துக்குப் பன்னிரண்டு. கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்.

"அப்போ படம் எடுத்துச் சம்பாதிச்சா? கல்யாண ஆர்டர் எடுக்கறேன், கேமராவைச் செலவா காட்டி டாக்ஸ் குறைச்சுக்கலாம்ல?"

இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருத்தராவது என்கிட்ட கேட்கறாங்க. முதல்ல, கேமராவை ஒரே வருஷத்துல முழுச் செலவா எழுத முடியாது. தேய்மானமா வருஷத்துக்கு 15 சதவீதம், அதாவது முதல் வருஷம் 10,800. அந்த வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா அதுலயும் பாதி. ரெண்டாவது, இந்த வேலையில நஷ்டம் வந்தா அதைச் சம்பள வருமானத்துல கழிக்கச் சட்டம் விடாது. ரிட்டர்னைத் தேதிக்குள்ள போட்டிருந்தா எட்டு வருஷம் வரைக்கும் முன்னாடி எடுத்துட்டுப் போய், பிசினஸ் லாபத்துல மட்டும் கழிக்கலாம். ஆர்டர் நிஜமா வர ஆரம்பிச்சா அப்போ கேமரா வாங்கறது நல்ல முடிவு. டாக்ஸுக்காக வாங்கறது முடிவே இல்லை.

அப்படியே எல்.டி.ஏ பத்தியும் கேட்டான். புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு அந்த விலக்கு கிடையாது. பழைய முறையிலயும் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், ரூமுக்கோ மீனுக்கோ பரிசலுக்கோ இல்லை. அதுவும் ஆபீஸ்ல லீவு போட்டுப் போயிருக்கணும். சனி ஞாயிறுல ஓடிப் போய்ட்டு வர்ற ட்ரிப்பை அதுல காட்ட நினைக்காதீங்க.

கடைசியில அவன் எடுத்த முடிவு இது. ஆர்டர் போடலை. மாசம் 6,000 கட்டத் தயாரா இருந்தவன், அதுல 3,000-த்துக்கு ஆர்.டி ஆரம்பிச்சான், 24 மாசம். வட்டி 6.5 சதவீதம்னா முடிவுல கையில சுமார் 77,000 இருக்கும். (வட்டிக்கு டி.டி.எஸ் பிடிக்கலைங்கறதுக்காக வரி இல்லைன்னு நினைச்சுக்காதீங்க, ரிட்டர்ன்ல காட்டணும்.) இன்னொரு 2,000 அந்த 21,000-த்தோட சேருது, அது ஆறு மாசச் செலவைத் தொடற வரைக்கும். மீதி 1,000 ட்ரிப்புக்குன்னு தனி அக்கவுன்ட்ல. அந்த ஆர்.டி-யை எங்க சித்தி பேர்ல போட்டுடலாமான்னு கேட்டான், பரிசல்காரர் சொன்னது மனசுல நின்னிருக்கு போல. உன் பேர்லயே போடு, பாஸ்புக்கை மட்டும் சித்திகிட்ட கொடுத்துடுன்னேன்.

அடுத்து வத்தல்மலைக்குப் போறதா இருக்காங்க. பனி இறங்கற மாசத்துல காபிச் செடிக்கு நடுவுல காலை வெளிச்சம் வேணுமாம். நேத்து ராத்திரி ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தான். கேமராவை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பதிலா சனிக்கிழமை காலை கடை திறந்ததும் எடுத்தா ஒரு நாள் வாடகை குறையுமாம், ஆனா முதல் நாள் காலை வெளிச்சம் போயிடுமாம். 1,400 ரூபாயா, ஒரு காலை வெளிச்சமான்னு கேட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை காலையிலயும் பனி இருக்கும்டான்னு பதில் போட்டிருக்கேன்.