கேபினெட்டுக்குள் இல்லாத டிரைவ்

காலையில் அலுவலகக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகிறீர்கள். சி டிரைவுக்குப் பக்கத்தில் எச், எஸ் என்று இன்னும் இரண்டு டிரைவுகள். கேபினெட்டைக் கழற்றித் தேடினாலும் அவை அகப்படாது. அந்தக் கோப்புகள் இருப்பது சர்வரில். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது வெறும் எழுத்து.

டாஸ் காலத்தில் ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கு, சி ஹார்டு டிஸ்க்குக்கு. மீதி எழுத்துகள் சும்மாதானே கிடந்தன? 1980களில் வந்த நோவெல் நெட்வேர் என்ற நெட்வொர்க் மென்பொருள், அவற்றில் சர்வரின் ஃபோல்டர்களைக் கட்டிவிட்டது. நெட்வொர்க் டிரைவ் பெரும்பாலும் எஃப்-இல் தொடங்கும். விண்டோஸும் அதே வழியில் வந்தது.

கட்டிவைப்பது லாகின் ஸ்கிரிப்ட். நோட்பேடில் எழுதிவிடக்கூடிய சில வரிகள்தான். 'நெட் யூஸ்' என்ற கட்டளை, அடுத்து எச் என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும், பிறகு இரண்டு பின்சாய்கோடு போட்டு சர்வரின் பெயர், இன்னொரு பின்சாய்கோடு போட்டு ஃபோல்டரின் பெயர். இந்த ஸ்கிரிப்ட், லாகினைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் 'நெட்லாகன்' என்ற பொது ஃபோல்டரில் இருக்கும். நீங்கள் லாகின் செய்ததும் உங்கள் பெயரிலேயே ஓடும். சர்வரை மாற்றினால் அட்மின் அங்கே ஒரு வரியைத் திருத்தினால் போதும். மேஜை மேஜையாக ஏறி இறங்க வேண்டாம்.

சிக்கலும் உண்டு. எழுத்தைப் பென்டிரைவ் முந்திப் பிடித்துக்கொண்டால், 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று 85ஆம் எண் பிழை வரும். அதனால்தான் பலர் கடைசி எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லேப்டாப்பில் வைஃபை இணையும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிட்டால், பாதையே தெரியவில்லை என்று 53ஆம் எண் பிழை. விண்டோஸ் சர்வர் 2008 முதல், ஸ்கிரிப்ட் எழுதாமல், அட்மின் ஒரே இடத்திலிருந்து அமைக்கும் குரூப் பாலிசி வழியாகவே டிரைவைக் கட்டலாம்.

எழுத்து பெயர்ப்பலகைதான், பூட்டு அல்ல. யார் எதைத் திறக்கலாம் என்பதை சர்வரில் உள்ள அனுமதிதான் தீர்மானிக்கிறது. நெட்லாகனை ஊழியர்கள் எல்லோராலும் படிக்க முடியும் என்பதால், ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டு எழுதிவைப்பது வாசல் நிலையில் சாவியைத் தொங்கவிடுவதுதான். ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்தால், கட்டிய டிரைவ் வழியே சர்வர் கோப்புகளையும் பூட்டிவிடும். தனியாக ஒரு பேக்கப் அவசியம்.

ஒருநாள் எச் டிரைவைக் காணோமா? பதறாதீர்கள். அறுந்தது கட்டு மட்டுமாக இருக்கலாம்; கோப்புகள் சர்வரிலேயே இருக்கும். நெட்வொர்க் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருமுறை லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் அட்மினைக் கூப்பிடுங்கள்.