பன்னிரண்டு வோல்ட்டில் தீப்பற்றுமா?

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பார்த்தால் இரண்டொரு ஜீப்புகளாவது கண்ணில் படும். பெரிய சக்கரங்கள், உயர்த்திய உடல், பம்பரின்மேல் இரண்டு உருண்டை விளக்குகள், கூரைமேல் நீளமாக ஒரு விளக்குப் பட்டை. தார்ச்சாலை முடிந்த பிறகும் ஏரிக்கரை, ஆற்றுமணல், மலைப்பாதை என்று போக ஆசைப்படுகிறவர்களின் வண்டிகள் இவை. இந்த விளக்குகளில் பெரும்பாலானவை வண்டியோடு வந்தவை அல்ல. பின்னால் வாங்கிப் பொருத்தியவை.

இப்படி விளக்கு பொருத்திய ஜீப் ஒன்று நின்ற இடத்திலேயே புகைந்து எரிந்ததைக் கண்ட என் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார்: “சார், வீட்டு மின்சாரத்தைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஜீப் பாட்டரியின் இரு முனைகளையும் கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. வெறும் 12 வோல்ட்தானே! அது எப்படி ஒரு வண்டியை எரிக்கும்?”

மிக நல்ல கேள்வி. இதில் இரண்டு வேறு ஆபத்துகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம். அதற்குள் தாராளமான மின்னோட்டத்தைத் தள்ள 12 வோல்ட்டுக்கு வலு போதாது. ஆகவே அதிர்ச்சி இல்லை. ஆனால் கம்பி சூடாவது மின்னழுத்தத்தைப் பார்த்து அன்று. தன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்து. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் என்று 1841இல் ஜூல் காட்டியதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த ‘வர்க்கம்’ என்ற சொல்லில்தான் நம் மாணவரின் கேள்விக்கு விடை இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோமா? 55 வாட் விளக்குகள் இரண்டு, ஆக 110 வாட். வீட்டில் 230 வோல்ட்டில் இவை எரிந்தால் மின்னோட்டம் அரை ஆம்பியர்கூட இல்லை. ஜீப்பில் 12 வோல்ட்டில் எரிந்தால்? ஒன்பது ஆம்பியருக்கும் சற்று மேல். அதாவது ஏறத்தாழ 19 மடங்கு. ஒரே கம்பியில் பிறக்கும் வெப்பமோ 19இன் வர்க்கம், ஏறக்குறைய 360 மடங்கு! குறைந்த மின்னழுத்தம் மனிதனுக்கு நண்பன், கம்பிக்குப் பகைவன்.

இனி நம் ஆள் விளக்கை எப்படிப் பொருத்துகிறார் என்று பாருங்கள். வீட்டில் கிடந்த மெல்லிய கம்பியை எடுக்கிறார். பாட்டரியிலிருந்து ஓட்டுநரின் முன்பலகைக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு சிறு சுவிட்ச் வைத்து, மறுபடியும் முன்னால் விளக்குவரை இழுக்கிறார். போய்வர 6 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக்கம்பிக்கு மீட்டருக்கு 0.017 ஓம் மின்தடை. இவருடைய கம்பி அதில் பாதிப் பருமன். ஆகவே 6 மீட்டருக்கும் சேர்த்து 0.2 ஓம். ‘0.2 ஓம் ஒரு மின்தடையா?’ என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் எட்டொன்பது ஆம்பியர் ஓடும் இடத்தில் அது 1.7 வோல்ட்டை விழுங்கிவிடும். விளக்குக்குப் போய்ச் சேருவது 10.3 வோல்ட்தான். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட வெகு வேகமாகக் குறையும் இயல்புடையது. அதனால் வெளிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய ஒளி, கம்பியைச் சூடாக்கி வீணாகிறது. பாவம், அவர் ‘பல்ப் மட்டம்’ என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு 100 வாட் பல்ப் வாங்கி மாட்டுவார். கம்பி இன்னும் சுடும்.

கம்பி முழுவதும் பரவிய வெப்பத்தையாவது காற்று ஓரளவு கொண்டுபோகும். உண்மையான வில்லன் இணைப்புகளில் இருக்கிறான். உறையை உரித்து, இரு கம்பிகளை முறுக்கி, கறுப்பு நாடா சுற்றி விடுகிறார்கள். சித்திரை வெயிலில் எஞ்சின் மூடிக்கு அடியில் நாடாவின் பசை இளகி, நாடா அவிழ்கிறது. வண்டியின் அதிர்வில் முறுக்குத் தளர்கிறது. மழைநீர் உள்ளே புகுந்து செம்பில் களிம்பு ஏறுகிறது. இப்போது அந்த ஒரே இடத்தில் 0.2 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 ஆம்பியர் ஓடினால் அங்கே 16 வாட் வெப்பம். வானொலி பழுது பார்ப்பவரின் சிறிய பற்றுக்கோலின் சூடு அது! அந்தக் கோலைக் கம்பிக் கட்டுக்குள் செருகி, இரவெல்லாம் வண்டியோட்டுவதற்குச் சமம். பிளாஸ்டிக் உறை உருகும். உருகியதும் செம்பு வெளியே தெரியும். பக்கத்தில் வண்டியின் இரும்பு உடல்.

இந்த இரும்பு உடலைப் பற்றி ஒரு சொல். மோட்டார் வண்டியில் மின்னோட்டம் திரும்பி வர இரண்டாவது கம்பி போடுவதில்லை. வண்டியின் உடலே திரும்பும் பாதை. பாட்டரியின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும். (பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் நேர்முனையை இணைத்திருந்தார்கள்.) செம்பு மிச்சம்தான். ஆனால் நேர்முனைக் கம்பி எங்கே உரிந்து உடலைத் தொட்டாலும் அது குறுக்குச் சுற்று ஆகிவிடும். பாட்டரியின் உள் மின்தடை நூறில் ஒரு பங்கு ஓம் அளவே ஆகையால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவதற்காகவே அது அப்படி ஆக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினை உதைத்துக் கிளப்பும் அந்த வலு, ஒரு மெல்லிய கம்பியில் பாய்ந்தால் சில விநாடிகளில் கம்பி செக்கச் சிவந்துவிடும். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றச் சொல்வது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ஸ்பானர் தவறி உடலைத் தொட்டாலும் இரண்டும் ஏற்கெனவே ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் ஒன்றும் ஆகாது. நேர்முனையை முதலில் கழற்றுகிறவரின் ஸ்பானர் உடலைத் தொட்டால் பொறி பறக்கும். கையில் மோதிரம் இருந்தால் விரலும் வேகும்.

காவலுக்குத்தான் பியூஸ் இருக்கிறது. ஆனால் பியூஸ் விளக்கைக் காப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை, அது கம்பியைக் காப்பது. ஆகையால் அதன் இடம் விளக்கின் பக்கம் அன்று. பாட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தொலைவிற்குள். விளக்கின் அருகே வைத்தால், பாட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே கிடக்கும் நீளமான கம்பி காவலின்றிக் கிடக்கும். நம் விளக்குகளுக்கு 15 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். 10 ஆம்பியர் ஏன் போதாது? குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு; விளக்கு போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். கம்பியோ அந்த 15 ஆம்பியரைத் தயக்கமின்றித் தாங்கவேண்டும்: 2.5 சதுர மில்லிமீட்டர் போதும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகும் மேதைகள் நம் ஊரில் உண்டு. அப்போது வண்டியிலேயே எளிதில் உருகும் பொருள் கம்பியின் உறைதான்.

சரி, பருமனான கம்பியைப் போட்டாயிற்று. அதை முன்பலகைவரை இழுத்து, சிறு சுவிட்சின் வழியே 9 ஆம்பியரை விடவேண்டுமா? வேண்டாம். தந்திக் காலத்திலிருந்தே இதற்கு ஒரு கருவி உண்டு. அதுதான் ரிலே. ஒரு சிறிய மின்காந்தச் சுருளும், அது இழுத்தால் மூடிக்கொள்ளும் தடித்த தொடுமுனைகளும் கொண்டது. சுருளின் மின்தடை 80, 90 ஓம்; ஆகவே அதற்கு வேண்டியது 0.15 ஆம்பியருக்கும் குறைவு. அதை மெல்லிய கம்பியில் சுவிட்ச் வழியே அனுப்பலாம். பெரிய மின்னோட்டம் பாட்டரி, பியூஸ், ரிலே, விளக்கு என்று முன்பக்கத்திலேயே குறுக்குவழியில் போய்விடும். கடையில் ரிலே வாங்கிப் புரட்டிப் பாருங்கள். கால்களில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். இவை ஜெர்மானியத் தர முறையிலிருந்து வந்தவை. 30 பாட்டரிக்கு, 87 விளக்குக்கு, மற்ற இரண்டும் சுருளுக்கு. கம்பியின் நீளம் 3 மீட்டராகக் குறைந்து பருமன் கூடியதால் இப்போது மின்தடை 0.02 ஓம். இழப்பு 0.2 வோல்ட்டுக்குள். அதே பல்ப், பழையபடி பளீரென்று எரியும்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் பக்கம் ‘டக்’ என்று ஒலிக்கிறதே, அதுவும் இதே தத்துவம்தான். அம்பத்தூருக்கு அருகே பாடியில் 1960-களிலிருந்து மோட்டார் வண்டிகளுக்கான ஸ்டார்ட்டர்களையும் மின்னாக்கிகளையும் செய்துவரும் லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்டார்ட்டரின் முதுகில் ஏறியிருக்கும் சிறு உருளையில் உள்ள மின்காந்தம், கையால் தொடமுடியாத பெரிய மின்னோட்டத்தை உங்களுக்காக இணைத்துவிடுகிறது.

வோல்ட்டையே கூட்டினால் என்ன? கூட்டியிருக்கிறார்கள். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் 6 வோல்ட்தான். பின்னால் ஜீப்புகள் 12 வோல்ட்டுக்கு மாறின. நம் லாரிகளும் பேருந்துகளும் 24 வோல்ட். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கியிலும் 24 வோல்ட்தான். அழுத்தம் இரட்டித்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதி, அதே கம்பியில் இழப்பு கால் பங்கு. ஆகவே இராணுவம் கழித்த பழைய வண்டியை ஏலத்தில் எடுத்தவர்கள், விளக்கு வாங்குமுன் அதன் வோல்ட்டைப் பார்ப்பது நல்லது.

‘எல்.இ.டி. வந்துவிட்டதே, இன்னும் ஏன் இந்தக் கணக்கு?’ என்கிறீர்களா? மின்னோட்டம் குறைவது மெய்தான். ஆனால் நல்ல எல்.இ.டி. பட்டைகள் பலவற்றில் திறனை மாறாமல் வைத்திருக்கும் மின்னணுச் சுற்று உண்டு. வோல்ட் குறைந்தால் இழை விளக்கு மங்கும். இதுவோ குறைவை ஈடுகட்டக் கூடுதல் ஆம்பியரை இழுக்கும். மங்கலான வெளிச்சம் என்ற எச்சரிக்கைகூட நமக்குக் கிடைக்காது. இன்னொன்று: இந்தப் பட்டைகளைப் பொதுச்சாலையில் எரிக்கக் கூடாது. எதிரே வருபவரின் கண் கூசாதபடி முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கி இருக்கவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படிக் கூடுதல் விளக்கு பொருத்திய வண்டி இருந்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம். பல்திறன் மானியை நேர்மின் வோல்ட் அளவுக்குத் திருப்புங்கள். விளக்கை எரியவிட்டு, மானியின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதை விளக்கின் நேர்முனையிலும் வையுங்கள். விளக்கு எரியாதபோது இந்தச் சோதனை பயன்படாது. ஓட்டமில்லாமல் இழப்பு தெரியாது. மானி 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் வேலை சுத்தம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால், இரண்டாவது முனையை விளக்கிலிருந்து ஒவ்வோர் இணைப்பாகப் பாட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, விளக்கை அணைத்து, சூடு ஆறிய பிறகு அந்த இடத்தின் நாடாவைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே பச்சைக் களிம்பு இருக்கும்.