பூந்தமல்லியிலிருந்து டெல்லிக்கு இருவர், இரண்டு சைக்கிள்

பூந்தமல்லி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 48-ஐ விடாமல் பிடித்துப் போனால் டெல்லி வந்துவிடும். வேலூர், பெங்களூரு, ஹூப்ளி, புணே, மும்பை, சூரத், உதய்ப்பூர், ஜெய்ப்பூர் என ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். துணைக்கண்டத்தைச் சைக்கிளில் கடக்க ஆசைப்படும் அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு வழி இவ்வளவு எளிது. கூட வருபவரோடு ஒத்துப்போவதற்குத்தான் திட்டம் வேண்டும்.

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். 1928-இல் பயணத்தை முடித்துத் திரும்பியவர்கள் மூவர்: ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா. நெடும்பயணம் நண்பர்களைப் பிரித்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. வேகம், செலவு, ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் என்ன செய்வது ஆகிய மூன்றையும் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள் என்கிறேன்.

வேகத்தை இருவரில் மெதுவாக மிதிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். இதை வாயால் ஒப்புக்கொள்வது சுலபம். எதிர்காற்றில் காத்து நிற்பது கடினம். ஆகவே ஒரு சனிக்கிழமை விடியும் முன், முழுச் சுமையோடு காஞ்சிபுரம் போய்த் தங்கி, மறுநாள் திரும்புங்கள். அந்த இரண்டாம் நாள்தான் உண்மையான சோதனை. உட்காரும் இடம் வலிக்கும், தொடை இறுகியிருக்கும், பேச்சு குறையும். அப்போதும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டால் அடுத்த முறை திருத்தணி. ஸ்ரீபெரும்புதூர் வரை கன்டெய்னர் லாரிகள் அதிகம்; சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதில் போவதே நல்லது.

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்த ஊர் அம்பத்தூர். இங்குள்ளவர்களுக்கு வண்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: இருவர் சக்கரமும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒருவர் டியூப் மற்றவருக்கு உதவும். வால்வு மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்றதாக இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிய வால்வுக்குத் தனி பம்ப் தேவை. பஞ்சர் ஒட்டும் சாமான் இருவரிடமும் இருக்கட்டும், பணமும் அப்படியே. கனமான பொருளைப் பிரித்துக்கொள்ளும்போது வலுவானவர் கூடுதலாக ஏற்றிக்கொண்டால் இருவர் வேகமும் தானாக நெருங்கிவரும்.

சுமையோடு நாளுக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்தால் 35 நாள் மிதிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் ஓய்வையும் சேர்த்தால் ஆறு வாரம். கடலோரச் சமவெளியில் தொடங்கும் வழி கிருஷ்ணகிரி தாண்டி மேடேறி, பெங்களூருவில் 900 மீட்டர் உயரத்தைத் தொடும். அந்தப் பகுதியில் 50 கிலோமீட்டரே போதும். மும்பை–புணே எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. பழைய சாலையில்தான் போக வேண்டும்.

பொங்கல் கழிந்த கையோடு கிளம்புங்கள். இங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். பிப்ரவரிக் கடைசியில் டெல்லி சேரும்போது கடும்பனி குறைந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. திரும்பி வர தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சைக்கிள்களைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து அனுப்ப வேண்டும். அதற்கு ரயில் புறப்படும் நாளுக்கு முன்தினமே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள்.