பள்ளியிலிருந்து காது பரிசோதனைச் சீட்டு வந்தால்

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்குக் காது பரிசோதனை எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். லேசான குறைபாடு இருக்கும் பிள்ளைக்கும் குரல் கேட்கும், சொல்தான் தெளியாது. டிக்டேஷனில் தப்பும் தவறுமாக எழுதும். கடைசியில் 'கவனம் இல்லாத பிள்ளை' என்று பெயர் வாங்கும்.

யார் பரிசோதிக்கிறார்கள்? 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது வர வேண்டும். பிள்ளை தனியார் பள்ளியில் படித்தால் பெற்றோர் கூட்டத்தில் நீங்களே கேளுங்கள்.

வலிக்குமா? ஊசியே கிடையாது. ஆடியோமீட்டர் (கேட்கும் திறனை அளக்கும் கருவி) இருந்தால், ஹெட்போனை மாட்டி மெல்லிய ஒலிகளை எழுப்புவார்கள். கேட்டதும் பிள்ளை கை தூக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அறை அமைதியாக இருந்தாக வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை பஸ் ஹாரனும் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானமும் நல்ல காதையே தோற்கடித்துவிடும். சாலையைப் பார்க்காத பின்பக்க அறையைப் பள்ளி ஒதுக்கித் தரலாம்.

'மேல் பரிசோதனை தேவை' என்று சீட்டு வந்தால் பிள்ளைக்குக் காது கேட்காது என்று அர்த்தமா? இல்லை, சந்தேகம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். குறும்பி அடைத்திருக்கலாம், சளி பிடித்தபின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கலாம், சீழ் வடியலாம். இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சைக்குக் கட்டுப்படும். குழந்தைகளின் கேட்புக் குறைபாட்டில் சுமார் 60 சதவீதம் தவிர்க்கக்கூடிய காரணங்களால் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் சீட்டைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். காய்ச்சின எண்ணெய் ஊற்றுவது, ஹேர்பின்னால் குடைவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

செங்கல்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் எங்கே போவது? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் கேட்புப் பரிசோதனை செய்கிறார்கள். சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

நிரந்தரக் குறைபாடு என்று தெரிந்தால்? பெரும்பாலும் காதுக் கருவி உதவும். அரசுத் திட்டங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. கருவி மாட்டினால் கேலி செய்வார்களே என்று தள்ளிப்போடாதீர்கள், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பாடம் போகிறது. இதே குறைபாடு உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்பதால், வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் உடனே காட்டுங்கள். கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவை சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. ஆனால் குழந்தை 6 வயதுக்குள் இருக்க வேண்டும், அதனால்தான் தம்பி, தங்கை விஷயத்தில் இந்த அவசரம்.