டர்ட்டி கவ்

டர்ட்டி கவ் என்பது லினக்சு இயங்குதளத்தின் மையப்பகுதியான கருனியில் இருந்த ஒரு பாதுகாப்பு வழு ஆகும். இதன் குறியீட்டு எண் சிவிஇ-2016-5195.

செயல்படும் விதம்

படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பு ஒன்றின் நினைவகப் பகுதியில் ஒரு நிரல் எழுத முற்பட்டால், கருனி அதற்குத் தனி நகல் ஒன்றைத் தரும், மூலக்கோப்பு மாறாது. இம்முறைக்குக் 'காப்பி ஆன் ரைட்' என்று பெயர். அதன் ஆங்கில முதலெழுத்துகளே 'கவ்' ஆயின. நகல் உருவாவதற்கும் அதில் எழுதுவதற்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில் அந்நகலை நீக்கச் செய்தால், எழுதுவது மூலக்கோப்பிலேயே பதிந்துவிடும். இவ்வாறு சாதாரணப் பயனர் ஒருவர் நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் பெற முடிந்தது.

திருத்தம்

இதற்கு மூலமான குறையை லினசு டோர்வால்ட்சு 2005-இலேயே திருத்த முயன்றார். எசு390 வகைக் கணினிகளில் சிக்கல் எழுந்ததால் அத்திருத்தம் விலக்கப்பட்டது. 2007-இல் வெளியான 2.6.22 பதிப்பு முதல் இவ்வழு தாக்குதலுக்கு இடம்தந்தது. 2016-இல் பில் ஓசுடர் இதைக் கண்டறிந்தார். நகல் எடுக்கப்பட்டதைக் குறிக்கும் தனிக்கொடி ஒன்றைச் சேர்த்து, அவ்வாண்டு அக்டோபரில் டோர்வால்ட்சு இதைத் திருத்தினார். பெரிய நினைவகப் பக்கங்களில் எஞ்சிய குறை 2017-இல் சரிசெய்யப்பட்டது.

ஆண்ட்ராய்டும் லினக்சு கருனியில் இயங்குவதால் கைபேசிகளும் பாதிக்கப்பட்டன. இற்றைப்படுத்தப்படாத கருவிகளில் இவ்வழு இன்றும் அப்படியே இருக்கும்.